மகளை ஊர்ப் பள்ளியில் சேர்க்கலாமா?

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய டீச்சருக்கு வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1961இல் தொடங்கிய பள்ளி. என் மாமனார் அதில் முதல் செட். அவருடைய அப்பா கட்டடத்துக்கு மாட்டுவண்டியில் செங்கல் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தாராம். என் கணவரும் பத்தாவது வரை அங்கேதான் படித்தார். இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவர் காலத்தில் 400 பிள்ளைகள் படித்த பள்ளியில் இன்று 112 பேர்தான் இருக்கிறார்கள்.

பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார் கணவர். காலை 6.45க்கு வேன் வரும், மாலை 5.30க்குத்தான் திரும்பும். ஃபீஸும் வேனுமாக வருஷத்துக்கு 52,000 ரூபாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் "காசு இருந்தும் கவர்மென்ட் ஸ்கூல்ல சேக்குறியே" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். "இப்ப அங்க யாரு படிக்கிறா, தெரியும்ல?" என்றும் கேட்கிறார்கள். தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து, "பிள்ளையைச் சேருங்கள், நீங்களும் மேலாண்மைக் குழுவுக்கு வாருங்கள்" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பன்னிரண்டாவது மட்டும் படித்தவள். அங்கே போய் நான் என்ன செய்ய முடியும்? கணவரின் செட் பசங்கள் பள்ளிக்கு ஆர்ச் கட்டப் பணம் சேர்க்கிறார்கள். அதனால் ஏதாவது மாறுமா? நான் என்ன முடிவு எடுப்பது?

பதில்:

அன்புத் தங்கைக்கு வணக்கம்.

மகளை ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். ஆனால் இதைப் படித்த கையோடு போய்ச் சேர்த்துவிட வேண்டாம். ஒருநாள் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நான் கீழே சொல்லும் சிலவற்றைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். சேர்த்த பிறகும் மாதம் ஒரு முறையாவது உள்ளே போய் வாருங்கள். அப்படிப் போய்வர உங்களால் முடியாது என்றால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நான் 33 வருஷம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவள். கணக்கு டீச்சராகச் சேர்ந்து, கடைசி எட்டு வருஷம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். 400 பிள்ளைகள் 112 ஆகிற கதையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். "வாத்தியார்கள் சரியில்லை, அதனால் பிள்ளைகள் போய்விட்டார்கள்" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். சில ஊர்களில் அது உண்மைதான். பல ஊர்களில் பிள்ளைகள் முதலில் போகிறார்கள், அதற்குப் பின்னால்தான் வாத்தியார்கள் போகிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பது முடிவாகும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள விகிதம். ஒரே வருஷத்தில் பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் வேனுக்கு மாறிவிட்டால், நேற்று வரை அந்தப் பள்ளிக்குத் தேவைப்பட்ட ஓர் ஆசிரியர் இன்று 'உபரி' ஆகிவிடுவார். பணிநிரவல் என்று சொல்லி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு கணக்கு ஆசிரியர் இருந்த இடத்தில் ஒருவர்தான் மிஞ்சுவார். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை அவர் ஒருவரே ஓட வேண்டும். அவர் பயிற்சிக்குப் போகிற நாளில், தேர்தல் வேலைக்குப் போகிற நாளில் பள்ளியில் கணக்கு வகுப்பே இருக்காது. விளையாட்டு வாத்தியார் பணியிடம் அதற்கும் முன்னாலேயே ஆட்டம் கண்டிருக்கும். அடுத்த மே மாதம், "அங்கே வாத்தியாரே இல்லை" என்று சொல்லி இன்னும் பத்துப் பேர் டி.சி. வாங்குவார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளி 112க்கு வந்தது இந்த வழியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். "ஏன் சார் இந்த மாசம் நோட்டு திருத்தல?" என்று உள்ளே வந்து கேட்கத் தெரிந்தவர்கள்தான் போகிறார்கள். வேன் ஃபீஸ் கட்ட வழி உள்ளவர்கள், இரண்டு எழுத்துப் படித்தவர்கள், அலுவலகத்தில் போய் மனு கொடுக்கத் தெரிந்தவர்கள். மிச்சம் இருப்பவர்கள் விடிந்தால் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள். அவர்களுக்கும் பிள்ளை மேல் அதே ஆசைதான். ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வர முடியும். வந்தாலும் வாசல்படியோடு நின்றுவிட்டுப் போவார்கள். கேட்க ஆள் இல்லாத பள்ளியில் நல்ல ஆசிரியரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோவார். நான் சோர்ந்துபோன வருஷங்கள் உண்டு.

இந்தப் போக்கில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு ஆலோசனை சொல்வது சரியாகாது. அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டே என் மகனைத் தனியார் பள்ளியில்தான் படிக்கவைத்தேன். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒருநாள், "பிள்ளைகளை இங்கேயே விடுங்கள், எங்கேயும் அனுப்பாதீர்கள்" என்று பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "டீச்சர், உங்க பையன் எங்க படிக்குது?" என்று கேட்டார். கோபமாகக்கூட கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் யார் வீட்டுக்கும் போய் அட்மிஷன் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து என் மகளை நான் வேலை பார்த்த பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். பத்தாவது வரை அங்கே படித்தாள், இன்றைக்குக் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறாள். மகனும் நன்றாகத்தான் இருக்கிறான். வேனில் போன பிள்ளை கெட்டுப்போகும் என்றோ, ஊரில் படித்த பிள்ளை கலெக்டராகும் என்றோ நான் சொல்ல வரவில்லை. ஆனால் மகள் அங்கே படித்த ஐந்து வருஷமும் அந்தப் பள்ளியின் கழிவறையை, குடிதண்ணீரை, கணக்குப் பாடவேளையை நான் பார்த்த விதமே வேறாக இருந்தது. ஓர் ஆசிரியை விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கு யார் போகிறார்கள் என்று அன்றே விசாரித்தேன். அதற்கு முன்னாலும் அது என் கடமைதான். ஆனால் முன்பு அப்படி விசாரிக்கவில்லை.

அடுத்தது, "இப்ப அங்க யாரு படிக்கிறா, தெரியும்ல?" என்ற கேள்வி. அது என்ன கேள்வி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து ஊர்களில் குடியானத் தெருப் பிள்ளைகள் வேன் ஏறிய பிறகு, பள்ளியில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் காலனிப் பிள்ளைகளும் வேறு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும்தான். படிப்பு சரியில்லை என்பதற்காக மட்டும் இந்த வேன்கள் நிரம்பவில்லை. இந்தப் பிள்ளைகளோடு என் பிள்ளை ஒரே பெஞ்சில் உட்கார வேண்டாம் என்பதற்காகவும் நிரம்புகின்றன. உங்கள் மாமனார் படித்த காலத்தில் ஊருக்குள் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்த ஒரே இடம் அந்தப் பள்ளிதான். கோயிலில் அது இல்லை, குளத்தங்கரையில் இல்லை, டீக்கடையில்கூட இல்லை. அந்த ஒரே இடமும் போய்விட்டால், ஒரே ஊரில் பிறந்த பிள்ளைகள் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் வளர்வார்கள். உங்கள் மகள் அந்தப் பெஞ்சில் உட்காரட்டும். அவளுக்குக் கிடைக்கப்போகும் தோழிகள் அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாக்களோடு நீங்களும் பழகுங்கள். பக்கத்து வீட்டில் மறுபடி கேட்டால், "தெரியுமே, நம்ம ஊருப் பிள்ளைகள்தான் படிக்குது" என்று சொல்லிவிடுங்கள்.

பணத்தைவிட வேன் நேரம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பத்து வயதுப் பெண் 6.45க்கு வேன் ஏற வேண்டும் என்றால் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு வந்து இறங்கியதும் வீட்டுப்பாடம், அப்புறம் தூக்கம். ஆறாவதிலிருந்து எட்டாவது வரைதான் பெண் பிள்ளைகளுக்கு உடம்பிலும் மனசிலும் எல்லாம் மாறுகிற வயது. அந்த வயதில் ஒருநாள் வயிற்றுவலி வந்தால் பத்து நிமிஷத்தில் அம்மா வந்து நிற்கிற பள்ளியும், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பள்ளியும் ஒன்றாகுமா? என் பள்ளியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு எத்தனை அம்மாக்கள் வந்து பிள்ளையைக் கூட்டிப்போயிருக்கிறார்கள்!

இப்போது நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். ஆண்டுவிழா அன்று போகாதீர்கள். சாதாரண வேலை நாள் ஒன்றில் பதினொரு மணி வாக்கில் போய், சாப்பாட்டு நேரம் வரை இருங்கள். முதலில் பெண் பிள்ளைகளின் கழிவறை. கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பூட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். பூட்டு தொங்கினால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கும் புதுயுகம் திட்டம் 2012லிருந்து இருக்கிறது. அந்த நாப்கின் பிள்ளைகள் கைக்கு வருகிறதா, எந்த டீச்சர் கொடுக்கிறார் என்று விசாரியுங்கள். ஒரு பள்ளியின் நிர்வாகத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல வழி தெரியாது. கழிவறையைச் சுத்தமாக வைத்திருக்கும் தலைமையாசிரியர் மற்றதையும் பெரும்பாலும் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் ஆசிரியர் பட்டியல். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடத்துக்கும் ஆள் இருக்கிறார்களா, எந்த இடம் காலி, எத்தனை மாதமாகக் காலி என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். வீடு தேடி வந்தவர் மறைக்க மாட்டார். காலியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியர் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். சரி போட்டு மட்டும் விட்டிருக்கிறதா, தப்பைச் சுழித்துத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறதா? அதே பிள்ளைகளைத் தமிழில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது படித்த உங்களுக்கு இதைக் கணிக்கத் தாராளமாகத் தெரியும்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் அதோடு இன்னொன்றையும் கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாவது பரீட்சை எழுதினார்கள்? நூற்றுக்கு நூறு என்று பேனர் வைத்த பள்ளிகளில், சுமாராகப் படிக்கிற பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிய கதைகளை நான் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வித்தியாசம் இதில் இல்லை. மெட்ரிக் பள்ளியிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

மதியம் அங்கேயே சத்துணவைக் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல்தான் பத்தாம் வகுப்பு வரை வந்தது. இன்றைக்கு எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. பழகிப்போனதாலேயே யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

நீங்கள் எழுதாத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறாம் வகுப்பில் எடுக்கிற முடிவோடு அது நேராகச் சம்பந்தப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. நீட் எழுதித் தகுதி பெற்றாக வேண்டும், அது வேறு. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது. இதில் சேர்கிற பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதற்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறாவதில் மெட்ரிக்கில் சேர்த்துவிட்டு, "பதினொன்றாவதுக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைத்தால் இந்த வாசல் மூடிவிடும். கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. அதையும் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களை வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். பின்னால் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதித் தேறினால் ஒன்பதாவதிலிருந்து நான்கு வருஷம் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற ஆசிரியர் உங்கள் பள்ளியில் யார் என்று கேட்டு வையுங்கள். தமிழ் வழியிலேயே படித்துக்கொண்டு போனால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் ஐந்து வருஷத்தை ஏற்கனவே அப்படித்தான் படித்திருக்கிறாள். கணவரிடம் பேசும்போது இவற்றை எடுத்துச் சொல்லுங்கள்.

அவர் இங்கிலீஷைப் பற்றிக் கேட்பார். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அந்தக் கவலை வருவது நியாயம். வேலை இடத்தில் மொழி தெரியாமல் நின்ற அனுபவம் அவருக்கு இருந்திருக்கலாம். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் பேசவைப்பது குறைவு என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதை வீட்டில் ஈடுகட்ட முடியும். தினமும் இருபது நிமிஷம் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அப்பாவோடு போனில் பத்து நிமிஷம் ஆங்கிலத்தில் மட்டும் பேசட்டும். வேனில் போகாததால் மிச்சமாகிற இரண்டு மணி நேரத்தில் இதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

மேலாண்மைக் குழுவில் நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில்தான் இந்தக் குழு வருகிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி நடக்கும் விதத்தைப் பார்ப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பது எல்லாம் அந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பல ஊர்களில் கூட்டம் நடக்கிற விதம் என்ன? தீர்மானப் புத்தகத்தை ஒரு பிள்ளையிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. கோபப்பட வேண்டாம். "நான் நேரில் வந்து படித்துவிட்டுப் போடுகிறேன் சார்" என்று சொன்னால் போதும்.

என் பள்ளியில் இட்லி வியாபாரம் செய்கிற ஓர் அம்மா குழுவில் இருந்தார். எட்டாவது வரை படித்தவர். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். காலை வியாபாரம் முடிந்ததும் வாரம் ஒருநாள், எந்த நாள் என்று சொல்லாமல், பதினொன்றரைக்கு வந்து சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்துகொள்வார். அரிசியைக் கையில் அள்ளிப் பார்ப்பார், முட்டையை எண்ணுவார், சாம்பாரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். யாரையும் குறை சொன்னதில்லை. "பருப்பு இன்னும் கொஞ்சம் வேகணும்க்கா" என்று சமையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூன்றே மாதத்தில் மதியம் டிபன் பாக்ஸ் கொண்டுவருகிற பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். ஓர் அதிகாரி வந்து பார்த்து எழுதிவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்காது. உங்களுக்கும் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். கழிவறையா, நூலகப் புத்தகம் பிள்ளைகள் கைக்கு வருவதா, சாப்பாடா, ஏதாவது ஒன்றை ஒரு வருஷம் பிடித்துக்கொள்ளுங்கள். குழுவில் காலனித் தெரு அம்மாக்கள் பெயருக்கு மட்டும் இருந்தால், கூட்டத்தை அவர்கள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இருவராகப் பேசினால் அந்தப் பேச்சுக்கு வலு அதிகம்.

ஆர்ச் பற்றி என் கருத்தை நேராகவே சொல்கிறேன். வேண்டாம். பழைய மாணவர்கள் என்றாலே ஆர்ச், மேடை, கொடிக்கம்பம், பெயர்க் கல்வெட்டு என்றுதான் யோசிக்கிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஆர்ச் கட்டிய பள்ளியில் கழிவறை கழுவ ஆள் இல்லாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். துப்புரவுப் பணியாளருக்கு மாதாமாதம் கொடுக்கிற சம்பளம், காலியாக இருக்கும் கணக்குப் பணியிடத்துக்கு ஒரு தற்காலிக ஆசிரியர், மாலையில் படிக்க இருக்கிற பிள்ளைகளுக்குச் சுண்டல் என்று மாதம் தவறாமல் வருகிற சின்னப் பணம்தான் பள்ளிக்கு உதவும். இதில் யார் பெயரும் கல்லில் ஏறாது, அதனால்தான் யாரும் கொடுப்பதில்லை. கட்டடம்தான் கட்டுவோம் என்றால் நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதற்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' இணையதளம் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு என்று குறிப்பிட்டே அனுப்பலாம். உங்கள் கணவரின் வாட்ஸ்அப் குழுவில் இதை அவரே எடுத்துப் போடட்டும். 2024இல் மேலாண்மைக் குழுவைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். ஊரில் இருக்கிற அவருடைய செட்காரர் ஒருவர் அதில் வந்து உட்கார்ந்தால் ஆர்ச்சைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் மாமனாரின் அப்பா செங்கல் ஏற்றிய சேதியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது தனி ஒரு வீட்டின் கதை இல்லை. காமராஜர் முதல்வராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராக அப்படி மாநாடுகள் நடந்தன. ஒருவர் நிலம் எழுதிக் கொடுத்தார், ஒருவர் பெஞ்சு செய்து கொடுத்தார், ஒருவர் கடிகாரம் வாங்கி மாட்டினார், முடியாதவர்கள் மண் சுமந்தார்கள். சர்க்கார் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன கட்டடமாக யாரும் அதை நினைக்கவில்லை. மாமனார் பழைய எஸ்.எஸ்.எல்.சி.காரர் இல்லையா? அவரை ஒருநாள் மகளோடு பள்ளிக்கு அனுப்பி, எந்தச் சுவர் அந்தச் செங்கலில் எழும்பியது என்று காட்டச் சொல்லுங்கள்.

கஜா புயல் உங்களுக்கும் நினைவிருக்கும். 2018 நவம்பர் 16 விடிகாலை. எங்கள் பக்கம் தென்னை முழுக்கச் சாய்ந்துவிட்டது, ஓட்டு வீடுகள் பறந்துவிட்டன. விடிந்ததும் ஊரே பள்ளிக்குத்தான் வந்தது. பிள்ளைகளை வேனில் வெளியே அனுப்புகிற வீட்டுக்காரர்களும் வந்தார்கள், காலனிக்காரர்களும் வந்தார்கள். ஆறாம் வகுப்பு அறையில் பிரசவம் முடிந்து பத்து நாளான ஒரு பெண்ணும் குழந்தையும் படுத்திருந்தார்கள். சத்துணவு அண்டாவில் எல்லோருக்கும் ஒரே கஞ்சிதான் கொதித்தது. மின்சாரம் வர வாரக்கணக்கானது, அது வரை அந்தத் தாழ்வாரம்தான் எல்லோருக்கும் வீடு. அன்று அந்தக் கட்டடம் பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்திருந்தால் ஊர் எங்கே போயிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வேறு வழியே இல்லாத அந்த நாளில் தேவைப்பட்ட பள்ளி, மற்ற நாளிலும் ஊருக்குத் தேவைதானே?

ஒருவேளை நீங்கள் போய்ப் பார்க்கும்போது கணக்கு, அறிவியல் இரண்டு இடமும் ஒரு வருஷத்துக்கு மேல் காலி, தற்காலிக ஆளும் இல்லை, கேட்டால் சரியான பதிலும் இல்லை என்று தெரிந்தால், மகளை அங்கே சேர்க்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஊருக்காக ஒரு பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்க முடியாது. அப்போதும் அந்த வேனைத் தேட வேண்டாம். பக்கத்து டவுனில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். பஸ் பாஸ் இலவசம், சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் டிக்கெட் கிடையாது. அங்கே சேர்த்தால் 7.5 சதவீத ஒதுக்கீடும் கையை விட்டுப் போகாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நிலை இருக்காது என்று நம்புகிறேன். வீடு வீடாக ஏறி இறங்குகிற தலைமையாசிரியர் இன்னும் கையை விரித்துவிடவில்லை.

கணவரிடம் "உங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன்" என்கிற மாதிரி ஆரம்பிக்க வேண்டாம். பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி வீடியோ காலில், பார்த்ததை அப்படியே சொல்லுங்கள், நோட்டைப் போட்டோ எடுத்திருந்தால் அனுப்புங்கள். எட்டாவது முடியும் வரை பார்ப்போம் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். 52,000 ரூபாயை வருஷா வருஷம் மகள் பெயரில் அஞ்சலகத்தில் போடலாம் என்றும் சொல்லிப் பாருங்கள்.

தொடக்கப் பள்ளியில் டி.சி. வாங்கும்போது பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற எண்) சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் அலைய வேண்டியிருக்காது. உங்கள் மகளோடு ஐந்தாவது படிக்கிற மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் யார் யார் இன்னும் முடிவு எடுக்காமல் இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். நீங்கள் பள்ளியைப் பார்க்கப் போகிற அன்று அவர்களில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணும்போது உங்கள் மகள் பெயரோடு அந்தப் பெயர்களும் ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்